இரட்டைக் குழந்தைகளுக்கு இரண்டு படுக்கை, அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில்

இரட்டைக் குழந்தைகளோடு டிஸ்சார்ஜ் ஆகும் குடும்பங்கள் பாலைப் பற்றிக் கேட்பார்கள், எடையைப் பற்றிக் கேட்பார்கள், தடுப்பூசித் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். இரவில் இருவரையும் எங்கே படுக்க வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கான பதில் வீட்டில் ஏற்கெனவே தயாராக இருக்கும்: பெரிய கட்டிலில் அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இல்லாவிட்டால் ஒரே தொட்டிலில் இரண்டும். குறைந்தது முதல் 6 மாதங்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஆளுக்கொரு தனிப் படுக்கை, இரண்டும் அம்மா படுக்கும் அறையிலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இரட்டையரில் பெரும்பாலோர் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். பலர் 2.5 கிலோவுக்கும் குறைவு. நிறைமாதக் குழந்தையின் முகத்தில் துணி விழுந்தால் தலையைத் திருப்பும், திணறும், வீறிட்டு அழும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த விழிப்பு இன்னும் முதிர்ந்திருக்காது. சத்தமே இல்லாமல் மூச்சு தளர்ந்துவிடக்கூடும். திடீர் சிசு மரணம், அதாவது காரணம் தெரியாமல் குழந்தை தூக்கத்தில் இறந்துபோவது, அதிகம் நேர்வது ஒன்றாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில். பத்தில் ஒன்பது, 6 மாதத்துக்குள். குப்புறப் படுப்பதும், மெத்தென்ற படுக்கையும், புகையும், அதிகச் சூடும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் 1994-ல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு, பத்தாண்டுக்குள் இந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதற்கே அத்தனை பலன்.

“வயிற்றில் ஒன்பது மாதம் ஒன்றாக இருந்தவர்களைப் பிரிக்கலாமா?” என்று பாட்டிகள் கேட்பதில் பாசம் இருக்கிறது. வயிற்றில் அவர்கள் மூக்கால் மூச்சு விடவில்லை. வெளியே வந்தபின் ஒருவர் கை மற்றவர் முகத்தில் விழுந்தால் தட்டிவிடும் பலம் இருவருக்கும் கிடையாது. இரட்டையருக்குள் எடை வித்தியாசமும் சகஜம். 2.4 கிலோ குழந்தை காலை உதைத்து நகர்ந்துவந்து 1.8 கிலோ குழந்தைமேல் சாய்ந்தால், சின்னதற்கு விலக வழியில்லை. சேர்த்துப் படுக்க வைத்தால் நன்றாக வளர்வார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரமும் இல்லை. இரட்டையருக்கும் தனித்தனிப் படுக்கையே நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2022 வழிகாட்டுதல். பிரிட்டனில், மிகச் சிறிய வயதில், பெரிய குழந்தைக் கட்டிலில் சேர்த்துப் போடலாம் என்ற அறிவுரையும் உண்டு. அங்கும் கூடைத் தொட்டிலில் சேர்த்துப் போடக் கூடாது என்கிறார்கள். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாத அகலமான குழந்தைக் கட்டில் நம் வீடுகளில் அபூர்வம். அதனால் முதல் இரவிலிருந்தே தனித்தனியாகத்தான் என்பது எங்கள் கருத்து.

படுக்கை எப்படி இருக்க வேண்டும்

உள்ளங்கையை மெத்தையின் நடுவில் வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள். கைத்தடம் உடனே மறைய வேண்டும். தடம் பள்ளமாக நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை புதிதில் மேடாக இருந்து, சில வாரங்களில் நடுவில் குழிந்துவிடும். குழந்தையின் தலை அந்தக் குழியில்தான் போய் அமரும். உடம்பின் வடிவத்துக்கு இறங்கிக்கொடுக்கும் மெமரி ஃபோமும் வேண்டாம். மெத்தையைச் சுற்றி, தொட்டிலின் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு வழுக்கிக் கீழே இறங்கி, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். பழைய மரத்தொட்டிலைப் பரணிலிருந்து இறக்குபவர்கள் முதலில் டேப் வைத்து அளக்க வேண்டியது இதைத்தான்.

ரப்பர் ஷீட்டை மெத்தையோடு இறுகச் செருகி, அதன்மேல் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு ஒன்று போட்டால் போதும். பழைய சேலையை நான்காக மடித்து விரித்தால் மென்மையாக இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். இரண்டு உதையில் அது சுருண்டு முகத்துக்கு வந்துவிடும்.

படுக்கை மட்டமாக இருக்க வேண்டும். எதுக்களிக்கிறது என்று தலைப்பக்கம் தலையணை கொடுத்து உயர்த்துவதால் எதுக்களிப்பது குறையாது. குழந்தை சரிந்து கீழே போய் மடங்கிக்கொள்ளும். 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. 90 செ.மீ. நீளத் தொட்டிலில் ஒரு முனை 15, 16 செ.மீ. உயர்ந்தாலே அந்தச் சாய்வு வந்துவிடும். ஆடும் தொட்டிலாக இருந்தால், குழந்தை ஓரமாக நகர்ந்தாலே தொட்டில் அந்தப் பக்கம் சாயும். தூங்கும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தும் பூட்டு இல்லாத தொட்டிலை வாங்காதீர்கள்.

கட்டிலோடு இணைக்கும் தொட்டில்

சிசேரியன் ஆன அம்மாவுக்குக் கட்டிலோடு ஒட்டி நிற்கும் தொட்டில் பெரிய உதவி. எழுந்து நடக்காமல், உட்கார்ந்தபடி குழந்தையை எடுக்கலாம். ஆனால் இரண்டு தொட்டிலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 190 செ.மீ. நீளக் கட்டிலின் ஒரே பக்கத்தில் 90 செ.மீ. தொட்டில்கள் இரண்டை வரிசையாக வைத்தால் கணக்குக்குச் சரியாக அடங்கும். ஆனால் ஒரு குழந்தை அம்மாவின் மார்புக்கு நேரே, மற்றது அவர் காலடியில். காலடிக் குழந்தையின் முகம் படுத்த இடத்திலிருந்து தெரியாது, கையும் எட்டாது.

5 அடி அகலக் கட்டிலின் இரண்டு பக்கமும் வைத்து அம்மா நடுவில் படுத்தாலும், இரு ஓரமும் இரண்டரை அடி தள்ளிப் போகும். தையல் வலியோடு அத்தனை தூரம் புரள்வது கடினம். எங்களுக்குச் சரியாகப் படுவது, அம்மாவுக்கு 3 அடி அகலச் சிங்கிள் கட்டில். அதைச் சுவரிலிருந்து விலக்கி அறையின் நடுவில் போட்டு, தலைப்பக்கத்தில் இடமும் வலமும் ஒவ்வொரு தொட்டில். இரண்டும் ஒன்றரை அடிக்குள் வந்துவிடும். கால்பக்கம் இரு புறமும் மூன்றடிக்கு மேல் திறந்திருப்பதால் காலைத் தொங்கப்போட்டு இறங்கலாம். பெரிய கட்டில்தான் இருக்கிறது என்றால், ஒரு தொட்டில் அம்மா பக்கம், இன்னொன்று மறுபக்கம் படுக்கும் அப்பா அல்லது பாட்டி பக்கம். எந்தக் குழந்தை யார் பொறுப்பு என்பதைப் படுக்கப்போகும் முன்பே பேசி வையுங்கள்.

தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது. உடம்பு அந்த இடுக்கில் இறங்கி முகம் மெத்தையில் பதிவதுதான் இவ்வகைத் தொட்டிலில் நேரும் பெரிய விபத்து. உடன் வரும் பட்டையைக் கட்டிலின் மறுபக்கச் சட்டம்வரை கொண்டுபோய் இழுத்துக் கட்ட வேண்டும். கீழே பெட்டி வைத்த கட்டிலில் சுற்றிக் கட்டச் சட்டம் இருக்காது. பட்டையை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் செலுத்தி மறுபக்கம் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். ஒவ்வொரு இரவும் தொட்டிலைப் பிடித்து ஒருமுறை வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். பகலில் யாராவது பெருக்கும்போது நகர்த்தியிருப்பார்கள். இடுக்கு தெரிந்தால் துண்டைச் சுருட்டித் திணிக்காதீர்கள், பட்டையை இறுக்குங்கள். தொட்டிலின் தாழ்ந்த பக்கத்திலும் ஒரு விளிம்பு இருக்க வேண்டும். உங்கள் மெத்தை அந்த விளிம்பைவிட உயரமாக இருந்தால் போர்வையும் தலையணையும் உள்ளே சரியும்.

இரட்டையருக்கென்றே நடுவில் வலைத்தடுப்பு வைத்த தொட்டில்கள் விற்கின்றன. தடுப்பு இரண்டு முனையிலும் கீழேயும் இறுகப் பொருந்துகிறதா, கையால் தள்ளினால் வளைந்து மறுபக்கக் குழந்தைமேல் படுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் வலைக்கண் ஆகாது. எடை வரம்பு ஒரு பக்கத்துக்கா, மொத்தத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலே இல்லாமல் தரையில் படுக்கும் வீடு என்றால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கோரைப்பாய்மேல் கெட்டியான சின்ன மெத்தைகள் இரண்டு, அம்மாவின் பாயிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி, சுவர் மூலையும் பீரோ இடுக்கும் இல்லாத இடத்தில். மூத்த குழந்தை இருந்தால் அதன் படுக்கை அம்மாவின் மறுபக்கத்தில் இருக்கட்டும்.

தூளியும், படுக்கையைச் சுற்றி இருப்பவையும்

தூளி எத்தனை தலைமுறையாக நம் பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறது என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம். சேலையில் குழந்தை வில்லாக வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் இடிக்கும். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் நான்கைந்து மில்லிமீட்டர் அகலம்தான். கழுத்து மடங்கினால் அதுவும் குறுகும். இரண்டு பக்கச் சேலையும் முகத்தின்மேல் மூடிக்கொள்ளும். ஒரே தூளியில் இரட்டையரைப் போட்டால் இருவரும் நடுப்பள்ளத்துக்கு உருண்டு முகத்தோடு முகம் அழுந்துவார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பெரியவர்கள் பகலில் ஆட்டித் தூங்கவைத்தே பழகியவர்கள் என்றால், ஒரு தூளியில் ஒரு குழந்தை, விரிகட்டை போட்டு, முகம் தெரியும்படி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கண் அயர்ந்ததும் மட்டமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம்.

தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, உருளாமல் இருக்க இருபுறமும் அணைக்கும் திண்டு, இரண்டையும் எடுத்துவிடுங்கள். கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, கையில் வசம்பு வளையல் இவற்றையும் கழற்ற வேண்டும். கயிறு எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும், வசம்பு மணி கழன்று வாய்க்குள் போகும். குடைபோல் விரியும் சின்னக் கொசுவலை குழந்தை கையை ஆட்டினாலே முகத்தில் சரியும். கட்டில், தொட்டில் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் பெரிய வலையை மேலிருந்து கட்டி, விளிம்பை இறுகச் செருகுவது நல்லது. கொசுவர்த்திச் சுருளும், குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகையும், வெளியே போய்ப் புகைத்துவிட்டு வரும் அப்பாவின் சட்டையும் குறைமாத நுரையீரலுக்குக் கெடுதல்.

ஏசி இருந்தால் 26 டிகிரி அளவில், காற்று நேரே படாமல் வையுங்கள். நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்குத் துணி கூடுதல் போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல் நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். பிடரி வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி தேவையில்லை. எடை மிகக் குறைவு என்பதற்காக மருத்துவர் போடச் சொல்லியிருந்தால் மட்டும் நாடா இல்லாத தொப்பி.

மல்லாக்கப் படுத்தால் புரை ஏறாதா

எல்லா வீட்டிலும் வரும் பயம் இது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்த குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) உங்கள் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் மானிட்டர் நொடிக்கு நொடி காட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அது இல்லை.

கங்காரு முறையில் இருவரையும் ஒரே நேரத்தில் தோலோடு தோல் படும்படி மார்போடு அணைத்துக்கொள்ளலாம். எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மாவுக்குக் கண் சொக்கினால் விழித்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருந்து குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லை என்றால் குழந்தைகளைப் படுக்கைக்கு மாற்றிவிட்டுத் தூங்குங்கள்.

இரவு 2 மணிப் பாலுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் குழந்தைக்குக் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, அதன் படுக்கையில் போட்டபிறகு அடுத்த குழந்தையை எடுங்கள். இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க உதவும் வளைந்த பெரிய தலையணையை வேலை முடிந்ததும் அறையின் மூலைக்கு அனுப்பிவிடுங்கள். குழந்தைகள் அதன்மேலேயே தூங்கிவிடக் கூடாது. தூக்கம் மிஞ்சும் என்று தோன்றினால் சோபாவில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் இடையே குழந்தை சிக்கும் சோபா, கட்டிலைவிடப் பலமடங்கு ஆபத்து. தலையணை, போர்வை எடுத்துவிட்ட கட்டிலே மேல். விழித்த உடனே குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றுங்கள். மயக்கம் தரும் மாத்திரை எடுக்கும் இரவில் தூக்கிவைக்கும் வேலை வேறொருவருடையது.

இன்னொன்று, தேதி பற்றியது. கட்டிலோடு இணைக்கும் தொட்டில், குழந்தை புரளவோ கையை ஊன்றி எழும்பவோ தொடங்கும்வரைதான். பெரும்பாலும் ஐந்தாம் மாதம் வாக்கில். குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயதை, அதாவது பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணும் வயதை, கணக்கில் கொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில் புரள மாட்டார்கள். முதல் குழந்தை புரளும் நாளையே இருவருக்கும் நாளாக வைத்து, துணி சுற்றுவதை நிறுத்தி, நான்கு பக்கமும் உயர்ந்த தடுப்புள்ள கட்டிலுக்கு மாற்றுங்கள். நம் ஊரில் தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போவதும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான். தாய்வீட்டில் அளந்து பார்த்து அமைத்த எல்லாம் அங்கேயே நின்றுவிடும். புதிய வீட்டில் முதல் இரவு உறவினர் கூட்டத்துக்கு நடுவே பெரிய மெத்தையில் இருவரையும் போடும்படி ஆகிவிடும். ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே இரண்டு படுக்கை தயாராகி, பட்டை கட்டி, இழுத்துப் பார்த்தாகிவிட்டதா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள்.