இருமினால் கசியும் சிறுநீரும் அக்குபங்சர் ஊசியும்

கடந்த சில மாதங்களாகத் திருகோணமலையில் என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலர் ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்கிறார்கள். இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிகிறது. இதற்கு அக்குபங்சர் கைகண்ட வைத்தியம் என்று அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டதாக வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அதை நம்பி யாரோ ஒருவரிடம் போய்க் கையிலும் காலிலும் காதிலும் ஊசி ஏற்றிக்கொண்டார்கள். காசு போனது, கசிவு போகவில்லை.

அண்மையில் வந்த ஒருவரின் நிலைதான் என்னை எழுத வைத்தது. ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தத்துக்காக எனலாபிரில் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். அந்த மாத்திரை சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும் என்பது வைத்தியத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இருமல் தொடங்கியதும் கசிவும் தொடங்கியது. என்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, சிறுநீரைப் பரிசோதிக்கவில்லை, கருப்பை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஊசி மட்டும் வாரந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பின்னர் வைத்தியர் எனலாபிரிலை நிறுத்தி லொசார்ட்டன் கொடுத்தபோது இருமல் அடங்கியது, கசிவிலும் பெரும்பகுதி அடங்கியது. எஞ்சியதற்குத்தான் இயன்மருத்துவரான (பிசியோதெரபிஸ்ட்) நான் தேவைப்பட்டேன். (இதைப் படித்துவிட்டு உங்கள் பிரெஷர் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.)

அக்குபங்சர் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. அந்த வாட்ஸப் செய்தியின் பின்னால் உண்மையான ஆய்வொன்று இருக்கிறது என்பதையும், அது ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017 ஜூன் மாதம் அது வெளிவந்தது. சஞ்சிகை அமெரிக்காவுடையது, ஆய்வு நடந்ததோ சீனாவின் 12 வைத்தியசாலைகளில். 40 முதல் 75 வயது வரையான 504 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மின் அக்குபங்சரும் மறுபகுதியினருக்குத் தோலைத் துளைக்காத மழுங்கிய போலி ஊசியும் வைத்தார்கள். 6 வாரங்களில் 18 தடவைகள், தடவைக்கு 30 நிமிடங்கள். முடிவில் உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு, ஒரு மணித்தியாலப் பாட் (கசிவை உறிஞ்சும் அணையாடை) பரிசோதனையில் கசிந்த அளவு சராசரியாக 9.9 கிராம் குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கு 2.6 கிராம் குறைந்தது. சிகிச்சை முடிந்து 24 வாரங்களுக்குப் பிறகும், கசிந்த தடவைகளின் எண்ணிக்கையில் இரு பகுதியினருக்கும் இடையிலான வேறுபாடு நீடித்தது. பக்க விளைவுகளும் சொற்பமே.

பாட் பரிசோதனை என்பது, அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு, எடை பார்த்த பாட்டை அணிந்துகொண்டு, நடந்து, படியேறி, இருமி, குனிந்து நிமிர்ந்து, ஒரு மணித்தியாலம் கழித்து அந்தப் பாட்டை மீண்டும் எடை பார்ப்பது. ஒரு கிராம் என்பதை ஒரு மில்லிலீற்றர் என்று கொள்ளலாம். தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்குக் கசிந்தது ஏறத்தாழ 18 அல்லது 19 கிராம். ஆகவே அக்குபங்சரால் கிடைத்தது, சராசரியாகப் பாதியளவுக் குறைவு. அது பெறுமதியான பயன்தான், ஆனால் குணம் என்று சொல்லத்தக்கதல்ல. ‘ஊசி குத்தினால் கசிவு நின்றுவிடும்’ என்று யாராவது உங்களுக்கு வாக்களித்தால், அந்த ஆய்வைச் செய்தவர்கள் சொல்லாத ஒன்றை அவர் சொல்கிறார்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது எந்த ஊசியும் அதே ஊசிதான் என்ற நினைப்பு. அந்த ஆய்வில் ஊசி குத்தப்பட்ட இடங்கள் இரண்டே: முதுகின் அடியில் உள்ள திரிக எலும்பின் மூன்றாவது துளைக்கு நேரே ஒன்று, வால் எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் ஒன்று, இருபுறமும். ஊசி உள்ளே சென்ற ஆழம் 50 முதல் 60 மில்லிமீற்றர், அதாவது ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. அதன்பின் அந்த ஊசிகளின் வழியே வினாடிக்கு 50 துடிப்புகளாக மின்னோட்டம் செலுத்தப்பட்டது. சிறுநீர்ப்பைக்கும், அதைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும் போகும் நரம்புகள் திரிக எலும்பின் துளைகளின் வழியேதான் வெளிவருகின்றன என்பதால், அந்த இடத்தைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது. மணிக்கட்டில் நான்கு ஊசி, காதுமடலில் இரண்டு, நெற்றியில் ஒன்று என்று மேலோட்டமாகக் குத்தி, மின்னோட்டமும் இல்லாமல், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச்சொல்லும் வைத்தியத்துக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது, ஒருவருடைய காணி உறுதியைக் காட்டி இன்னொருவருடைய காணியை விற்பதற்குச் சமம். சொல்லப்போனால், அந்த ஆய்வின் போலிச் சிகிச்சைகூட வாரத்துக்கு மூன்று தடவைகள் ஒழுங்காக நடந்தது.

அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். அழுத்தக் கசிவு உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அதாவது வயிற்றுக்குள் அழுத்தம் கூடும் கணத்தில், இருமலோடும் சிரிப்போடும் பாரம் தூக்குவதோடும், கசிபவர்களை. அடக்க முடியாத உந்துதல் வந்து கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடும் அவசரக் கசிவு உள்ளவர்களையும், இரண்டும் கலந்தவர்களையும், கசிவுக்காக ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்தவர்களையும், கருப்பை கணிசமாக இறங்கியவர்களையும் சேர்க்கவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேராவது இந்த விலக்கப்பட்ட கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். கலப்புக் கசிவு உள்ளவர்களில், மின் அக்குபங்சரை இடுப்புத்தளப் பயிற்சியோடும் அவசர உந்துதலைத் தணிக்கும் சொலிஃபெனசின் மாத்திரையோடும் ஒப்பிட்ட இன்னொரு சீன ஆய்வு 2019இல் வந்தது. இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பயன் கிடைத்தது. ஆனால் தூய அழுத்தக் கசிவு பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, ஊசியைப் போலி ஊசியோடு மட்டுமே ஒப்பிட்டது. பயிற்சியைவிட ஊசி நல்லதா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்கு இருக்கும் சான்று வேறு தரத்தது. ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் 1948இல் இதைப் பற்றி எழுதிய காலம் முதல் சேர்ந்துவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான, கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் மீளாய்வின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 வீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். எதுவும் செய்யாதவர்களில் அவ்வாறு கூறியவர்கள் 6 வீதத்தினர். செலவு இல்லை, ஊசி இல்லை, பாயில் படுத்தபடியே செய்யலாம். இருந்தும் ‘அதெல்லாம் செய்து பார்த்தேன் மிஸ், சரிவரவில்லை’ என்பதுதான் நான் அன்றாடம் கேட்கும் பதில்.

சரிவராததற்குக் காரணம் பெரும்பாலும் செய்யும் முறை. 1991இல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 49 வீதம், கசிவை இன்னும் மோசமாக்கக்கூடிய விதத்தில் செய்தவர்கள் 25 வீதம். அந்த நால்வரில் ஒருவரைப் போன்றவர்கள் தசையை உள்ளே மேலே இழுப்பதற்குப் பதிலாக, மலம் கழிக்க முக்குவதுபோல் கீழே தள்ளுகிறார்கள். ஆகவே ஒருமுறையாவது பயிற்சி பெற்ற ஒருவர் பரிசோதித்து, சரியான தசைதான் இறுகுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோலப் பின்வாசலிலிருந்து தொடங்கி முன்னோக்கி உள்ளே இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டால் பலனை எதிர்பார்க்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். பழைய துண்டுப்பிரசுரங்களில் அப்படி இருக்கும், அது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன், குடத்தைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பு, கருவாட்டுப் பெட்டியைக் கையில் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கமே சிலருக்கு ஒரு வாரத்தில் வேறுபாட்டைக் காட்டிவிடும்.

உடல் எடை அதிகமானவர்கள் கோபிக்கக்கூடாது. எடை அதிகமான 338 பெண்களைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் எடையில் 8 வீதம் குறைத்தவர்களுக்குக் கசிவுத் தடவைகள் 47 வீதம் குறைந்தன. எடைக் குறைப்புத் திட்டம் இல்லாதவர்களுக்கு 28 வீதம். எண்பது கிலோ எடையுள்ளவருக்கு அது ஆறரைக் கிலோ அளவு.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று எண்ணி, நமது ஊர் வெயிலில் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு தேநீரோடு இருப்பவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. சிறுநீர் அடர்த்தியாகி, எரிச்சலும் கிருமித்தொற்றும் மலச்சிக்கலும் வந்து சேரும். மலச்சிக்கலால் முக்குவது கசிவைத்தான் வளர்க்கும். கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போகும் நாளில் அளவோடு குடிப்பது வேறு விடயம். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு மேடேறும்போது கசிகிறது, சுத்தமில்லாமல் சாமி கும்பிடுவது எப்படி என்று கோயிலையே விட்டுவிட்டவர்களும், தொழுகைக்கு நடுவில் வுழூ (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறிந்துவிடுகிறதே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளும் வருகிறார்கள். நோயாளிக்கு உரிய சலுகை பற்றி மௌலவியிடம் கேளுங்கள், கூச்சமாக இருந்தால் வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொன்னதாலோ, பாட் அணிந்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதாலோ ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். அங்கே 35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போகும்போதே இதையும் சொல்லிவிடலாம், இரத்தச் சீனியையும் அங்கே பார்ப்பார்கள். சீனி கட்டுப்படாதவருக்குச் சிறுநீரின் அளவே கூடியிருக்கும், அதை எந்த ஊசியும் குறைக்காது. மூன்று நாளைக்கு எப்போது குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டு அறிவதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, யோனி வாசலில் ஏதோ இறங்கி நிற்கும் உணர்வு, பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ பிறகு இரவுபகலாக நில்லாத கசிவு ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் வைத்தியரைக் காணுங்கள். சிறுநீர் போகாமல் தடைப்படுவதும், கால்களும் மறைவிடமும் மரத்துப்போவதும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் போதிய பலன் இல்லையென்றால், பெண்நோயியல் நிபுணர், யோனிக்குள் வைக்கும் பெசரி வளையம் முதல் சத்திரசிகிச்சை வரை உங்களோடு கதைப்பார். அந்தக் கட்டத்தில் அக்குபங்சரையும் முயன்று பார்க்கலாமா என்று கேட்பவரை நான் தடுப்பதில்லை. தடுக்காவிட்டாலும் நிபந்தனைகள் உண்டு. வைப்பவர் என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு பெற்றிருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வாருங்கள். எந்த இடத்தில் குத்துவார், மின்னோட்டம் உண்டா, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு செலவு என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பாவிக்கும் கிருமி நீக்கிய ஊசியாக இருக்கவேண்டும், உறையை உங்கள் கண்முன்னால் பிரிக்கவேண்டும். கருவுற்றிருந்தாலும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை குடித்தாலும் உங்களது வைத்தியரைக் கேட்காமல் மின் அக்குபங்சருக்குப் போகாதீர்கள். அடிமுதுகில் ஆழமாக ஏறும் ஊசி என்பதால், பெண் துணை ஒருவர் அறையில் கூட இருக்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. 18 தடவைகள் முடிந்தும் கொப்பியில் கசிவின் எண்ணிக்கை குறையவில்லை என்றால், இன்னும் பத்துத் தடவை வந்தால் சரியாகும் என்ற பேச்சை நம்பாமல் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் நிறுத்த வேண்டாம்.