அட்டன்பரோ: ஓர் அரிய குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. இயற்கை ஆவணப்படங்களால் உலகறிந்த டேவிட் அட்டன்பரோவின் குடும்பப் பெயரும் இதுவே. சரளைக்கல் அள்ளிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவான இவ்வூர் இயற்கைக் காப்பகத்தை 1966இல் திறந்து வைத்தவரும் அவரே. அரிதான இந்தப் பெயரின் தோற்றத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். அரண் சூழ்ந்த குடியிருப்பு என்று பொருள்படும் இந்த ஊர்ப்பெயரிலிருந்தே அது வந்தது என்பது ஒன்று. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்பது 'அதனிடத்தில், அதனருகே' என்றும் 'பரோ' என்பது 'அரண்' என்றும் பொருள்படுவதால், எந்த அரணின் அருகே வசித்தவருக்கும் அப்பெயர் வாய்த்திருக்கலாம் என்பது மற்றொன்று.

முதல் விளக்கம் சரியானால் பெயரின் மூதாதையர் ஓரிருவராக இருப்பர். இரண்டாவது சரியானால் பலராக இருப்பர். முதல் விளக்கத்தில் மூதாதையர் குறைவாவதற்குக் காரணம் உண்டு: ஊர்ப்பெயர் ஒருவருக்கு அடையாளமாவது பெரும்பாலும் அவர் ஊரைவிட்டுப் போன பிறகுதான். ஊருக்குள்ளேயே எல்லோரையும் அப்படி அழைத்து என்ன பயன்?

இந்த வேறுபாட்டை மரபணுவில் தேட முடியும். ஆங்கிலேயக் குடும்பப் பெயரைப் போலவே, ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபணுத் தொகுதியான ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. அதில் ஆங்காங்கே சிறிய டி.என்.ஏ. துண்டுகள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன. அவ்வாறு எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கை பல தலைமுறைகளுக்கு ஒருமுறையே மாறுவதால், இரு ஆண்களின் எண்ணிக்கைகளை ஒப்பிட்டு அவர்களுக்குப் பொதுவான தந்தைவழி முன்னோர் அண்மையில் இருந்தாரா என்று கணிக்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்லிங் ஆகியோர் 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட ஆண்களிடம் இவ்வாறு ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயர் ஊருக்கு ஊர் தனித்தனியே தோன்றியதால், அப்பெயருடையோரிடையே தற்செயலை மிஞ்சிய ஒற்றுமை தென்படவில்லை. அட்டன்பரோ பெயருடையோரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் ஒய் குரோமோசோம் ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ இருந்தது. மீதமுள்ள வேறுபாட்டுக்குத் தத்தெடுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறப்பு, தாய்வழிப் பெயரை ஏற்றல் போன்றவை காரணமாகலாம்.

இதைக் கொண்டு ஊர்ப்பெயர் விளக்கமே வென்றது என்று சொல்லிவிடுவது அவசரமாகும். ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தோடு பெயரும் அற்றுப்போகும் என்பதை ஆங்கிலேய அறிஞர்களான கால்டன், வாட்சன் இருவரும் 1870களிலேயே கணித முறையில் ஆராய்ந்தனர். தொடக்கத்தில் பலர் ஒரே பெயரைப் பெற்றிருந்தாலும், சில நூற்றாண்டுகளில் ஒரு கிளை மட்டும் தழைத்து மற்றவை மறைந்திருந்தால், இன்று எடுக்கும் மாதிரியில் ஒரே மூதாதையர் இருந்ததுபோலவே தோன்றும். பெயர் அரிதாக இருக்குமளவுக்கு இந்த வாய்ப்பும் கூடும். ஏடுகளைக் கொண்டு தீர்ப்பதும் எளிதன்று. பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் நிலைபெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகு, 1538இல்தான் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கின.