லயன் வீட்டு எண்ணும் ஆபீஸ் முகவரியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் அண்ணன் போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, நேத்து கரண்டு போய் வந்ததிலேருந்து பிரிண்டர் அடிக்க மாட்டேங்குது. ஐபி என்னன்னு கேக்குறாங்க. கூகள்ல தேடுனா ஒண்ணு வருது, கம்ப்யூட்டர்ல பார்த்தா வேற ஒண்ணு. எது சரி?"

ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு இருக்கும் முகவரி எண். ரெண்டுமே சரிதான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் விளக்குவது சுலபமாக இருந்தது. அந்தக் காலத்தில் கடிதம் நேராக லயனுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வராது. தோட்ட ஆபீசுக்கு வரும். யாருக்கு எது என்று கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். 12-ஆம் எண் வீடு எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. ஆனாலும் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் அந்த எண் தோட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

வீட்டுக்கு வரும் இணையத்தை எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துத் தரும் பெட்டி, உங்கள் ரவுட்டர்தான் அந்த ஆபீஸ். கம்ப்யூட்டர் காட்டும் 192.168 என்று தொடங்கும் எண், லயன் வீட்டு எண். கூகள் காட்டுவது ஆபீஸ் முகவரி. இப்படி உள்ளுக்குள் மட்டும் புழங்கும் எண்களை 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். ஐபிவி4 என்ற இந்தப் பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தாம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தும் போனது.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, ரவுட்டர் உங்கள் வீட்டு எண்ணை அழித்துத் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. கூடவே அடையாளத்துக்கு ஒரு எண்ணைப் (போர்ட் எண்) போட்டு, 'இது 12-ஆம் வீட்டுக்காரர் கேட்டது' என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உள்ளே தள்ளுகிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து எது வந்தாலும் குறிப்பில் இருக்காது, வாசலோடு நின்றுவிடும். (சில தொலைபேசி நிறுவனங்கள் ஆபீசுக்கு மேலே இன்னோர் ஆபீஸ் வைத்திருக்கின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் கதை அதுதான்.)

வீட்டு எண்ணைப் பார்க்க, விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, சி எம் டி என்று அடித்து எண்டர் தட்டுங்கள். வரும் கறுப்புப் பெட்டியில் ஐ பி சி ஓ என் எஃப் ஐ ஜி, எட்டு எழுத்தும் இடைவெளியில்லாமல் அடித்து மறுபடி எண்டர் தட்டுங்கள். ஐபிவி4 என்ற வரிதான் வேண்டும். அங்கே 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் வீடே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அண்ணனுக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை! வேண்டியது பிரிண்டரின் ஐபி. ரவுட்டர் தரும் எண் தவணைக்குத்தான். கரண்டு போய் வந்ததில் பழைய கணக்கை மறந்து, பிரிண்டரின் 192.168.1.12-ஐ மகளின் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டது. பிரிண்டர் 15-க்குக் குடிபோய்விட்டது. கம்ப்யூட்டரோ இன்னும் 12-ஆம் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

"வேலைய விட்டா வீட்ட காலி பண்ணுன்னு சொல்வாங்களே, அந்த மாதிரியா?" என்றார்.

ஏறக்குறைய அப்படித்தான். ரவுட்டருக்குள் நுழைந்து, 12 இனி பிரிண்டருக்கு மட்டும் என்று பதிந்தோம். கைப்பேசியின் வைஃபையை அணைத்துப் போட்டு, அப்புறம் ரவுட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை நிறுத்தித் திறந்தோம். அண்ணன் காலையிலிருந்து ஆத்திரத்தில் அழுத்தி வைத்த ஒரே படிவம் பதினொரு பிரதியாக வந்து விழுந்தது.