நடக்கும் மண்பானை

கொடுமுடியில் காவிரித் தண்ணீரைச் செம்பில் முகந்து, தீர்த்தக் காவடியாகப் பழனிக்கு நடந்தே கொண்டுபோவது கொங்கு நாட்டின் பங்குனி உத்திர வழக்கம். நானும் என் நண்பனும் முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் போனோம். இரவில் நடப்பது, வெயில் ஏறியதும் நிழல் பார்த்துப் படுப்பது என்றுதான் பேச்சு. இரண்டாம் நாள், நடக்க வேண்டிய இரவெல்லாம் தூங்கிவிட்டு, விடிந்த பிறகுதான் எழுந்தோம். அதனால் பதினொரு மணி வெயிலில் தாராபுரம் சாலையில் இருந்தோம். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல், ஈரத்துணி சுற்றிய மண்பானை. அந்தத் தண்ணீரைச் சில்லென்று வைத்திருந்ததும், எங்களை விழாமல் நடக்க வைத்ததும் ஒரே வித்தைதான்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 கிலோகலோரி செலவாகும். அதில் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பம் சுமார் 4 டிகிரி ஏறிவிடும். 37 டிகிரி 41 ஆகிவிடும். உயிருக்கே ஆபத்தான அளவு அது. தலைமேல் அடிக்கும் வெயில் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

மற்ற நாட்களில் தோலின் சூட்டைக் காற்றே வாங்கிக்கொள்ளும். வெயில் நாளில் தோல் சுமார் 35 டிகிரியில் இருக்கும். காற்று 38 டிகிரியைத் தொட்டால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிடும்; காற்றுதான் நமக்குச் சூடு தரும். பிறகு மிச்சமிருக்கும் வழி வியர்வை மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தோலிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சொட்டிக் கீழே விழும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை, ஆவியானால்தான் பயன். கடலோர ஊரின் ஈரக்காற்றில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிராததற்கும், அங்கே வியர்வை வழிந்துகொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் எங்கள் பக்கத்துக் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். நல்லதுதான், ஆனால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. சட்டை முதுகில் பூத்திருக்கும் உப்புதான் சாட்சி.

அந்த உப்பைத் திருப்பித் தராமல் வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடம் குடமாகக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், முற்றினால் வலிப்பு. இது வராமல் தடுக்க உப்புப் போட்ட நீர்மோர் உதவும். பானகத்திலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொள்ளலாம். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசலில் கைகோத்து நுழையும், தண்ணீரும் பின்னாலேயே போகும்.

வெறுங்காலோடு போகிறவர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் வரிசையாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருந்தார் வெயிலை விழுங்குகிறது, வெள்ளைப் பூச்சு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. இயற்பியல் படிக்காத பாதங்களும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

நண்பன் மஞ்சள் காட்டில் வேலை செய்பவன், நான் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவன். தினமும் வெயிலில் உழைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் உடல் பழகிவிடும்: இரத்த நீர் கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும். இருவரும் ஒரே பானையில்தான் குடித்தோம். தள்ளாடியது நான் மட்டும்.

"மாப்பிள்ளை, உன் காவடி எங்கே?" என்றான்.

"தோளில்தான் இருக்கிறது" என்றேன். அதைப் பந்தலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வெப்பத் தாக்கு முதலில் குழப்புவது மூளையை. அதனால் குழம்பியவனுக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. கூட நடப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவன் என்னைக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியோரம் ஒரு வெள்வேல மரத்தடியில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றினான். 108-ஐ அழைத்துவிட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் மார்பிலும் கழுத்திலும் ஊற்றித் துண்டால் விடாமல் விசிறினான். ஈரமும் காற்றும், பானைக்கு வேண்டிய அதே இரண்டு.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எனக்குத் தெளிந்துவிட்டது. காவடியை எடுத்துவர, பின்னால் வந்த கூட்டத்திலிருந்து ஒரு பையனைப் பந்தலுக்கு ஓடவிட்டிருந்தான்.