அவள் நடிக்கவில்லை

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகளை மறைக்க, கோலாலம்பூர் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பெண்ணை வீட்டில் யாரும் சட்டென்று கவனிப்பதில்லை. கவனித்துவிட்டால் முதலில் வரும் கேள்வி, "எதுக்கு இந்த டிராமா?" நடிப்பவர்கள் ஏன் மறைக்கப் போகிறார்கள்? ஆய்வாளர்கள் கேட்டபோது இப்படிக் காயப்படுத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், தாங்க முடியாத மனக்கொதிப்பை அடக்குவது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீட்டின்படி, பதின்ம வயதினரில் சுமார் 17 விழுக்காட்டினர் சாகும் எண்ணமின்றி ஒருமுறையாவது தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் உண்டு, பெண்கள் கூடுதல். பெரும்பாலும் 12, 14 வயதுவாக்கில் தொடங்குகிறது. அந்த வயதில் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

வலி எழுந்து அடங்கும்போது மனமும் கொஞ்சம் இலேசாகும். இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. ஆனால் அந்த நிம்மதி நிலைப்பதில்லை. வெட்கமும் குற்ற உணர்வும் வந்து சேர, மூலப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. மூளையோ அந்த முதல் நிமிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பழக்கம் வேர்விடுவது இப்படித்தான்.

சரி, மூளை எல்லோருக்கும் ஒன்றுதானே, ஏன் சிலர் மட்டும்? தன் உடல்மேல் உள்ள பற்று மற்றவர்களைத் தடுக்கிறது. "நான் எதுக்கும் லாயக்கில்ல, எனக்கு இது வேணும்" என்று தன்னையே ஏசும் மனத்தில் அந்தத் தடுப்பு தேய்ந்துபோகிறது. பள்ளியில் பகடிவதை, சிறுவயதில் பட்ட அடி, பாலியல் துன்புறுத்தல் போன்றவை அந்த ஏச்சுக்குத் தீனி போடுகின்றன.

அப்புறம் வீடு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இளவயதில் தானும் இதே துன்பத்தில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னவர். எளிதில் பொங்கும் மனமும் அந்தக் கொந்தளிப்பை மறுக்கும் சூழலும் சேரும்போது ஆபத்து என்பது அவர் விளக்கம். நம் வீடுகளில் அந்த மறுப்பு எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரியும். அண்ணன் கோபித்துக்கொண்டு மோட்டார் எடுத்துக்கொண்டு போய்விடலாம், தங்கை குரலை உயர்த்தினால் "பொம்பளப் பிள்ளை சத்தம் போடலாமா?" எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு வந்தால் மாமா மகளோடு ஒப்பீடு. நிறத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி விருந்தில் எல்லார் முன்னாலும் ஒரு பேச்சு. செந்தூல் பிளாட்டில் நான்கு பேர் படுக்கும் அறையில் அழக்கூட ஒரு மூலை கிடையாது. அன்பில்லாமல் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் தன் வேதனையைச் சொல்லக்கூடாது என்று பெண் கற்றுக்கொள்வது இங்கேதான்.

லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற உளவியல் சிகிச்சை, கொதிப்பை வேறு வழியில் தாண்டப் பயிற்சி தருகிறது. காயப்படுத்திக்கொள்வது குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், "வளர்ந்தா சரியாயிடும்" என்று விடக்கூடாது.

கண்டுபிடித்த அன்று கையைக் காட்டச் சொல்லி மிரட்ட வேண்டாம். "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமேம்மா" என்று பக்கத்தில் உட்காருங்கள். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மனநல உதவி கேட்கலாம். போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக்கூடக் குற்றமாகக் கருதும் சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண்கள் உண்டு: ஹீல் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. காயம் ஆழமாக இருந்தாலோ, சாகப்போவதாகச் சொன்னாலோ தனியே விடாமல் உடனே 999.