புழுவுக்கு அடித்த மருந்து

கரும்புத் தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டியிருக்கும் அட்டைத் துண்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ரவை மாதிரி, ஆனால் கறுப்பாக, ஏதோ ஒட்டியிருக்கும். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள் அவை. ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 20,000. உள்ளே வளர்வது அந்துப்பூச்சி இல்லை, ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற குளவி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆளைக் கொட்டாது. வெளியே வந்ததும், கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் தாய் இலையில் இட்ட முட்டைகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குள் தன் முட்டையை இறக்கிவிடும். அந்த முட்டையிலிருந்து அப்புறம் புழு வராது, குளவிதான் வரும்.

சரி, அதே தோட்டத்தில் மருந்து அடித்தால்? (விஷத்தை மருந்து என்று சொல்லியே பழகிவிட்டோம்.)

முட்டைக்குள் இருக்கும்வரை ஓடு ஓரளவு காக்கிறது. சிக்கல் வெளியே வரும் நாளில். ஓட்டைத் தாடையால் கடித்துத் துளைத்துத்தான் வர வேண்டும். மேலே மருந்து காய்ந்திருந்தால் முதல் கடியிலேயே அது வாய்க்குள் போகும். துளையில் தலையை நீட்டியபடியே செத்துக் கிடக்கும் குளவிகளும் உண்டு.

தப்பித்து வந்தால் அடுத்தது இலை. உணர்கொம்பால் தட்டித் தட்டி, இலை நெடுக நடந்து முட்டை தேடுவதுதான் இதன் பிழைப்பு. கால் வைக்கும் இடமெல்லாம் படிவு. புழுவோ பொரித்துக் கொஞ்ச நாளில் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது, தெளிப்பு அங்கே எட்டுவதில்லை. யாருக்காக அடித்தோமோ அவர் உள்ளே பத்திரம், மாட்டிக்கொள்வது காவல்காரர்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. சைபர்மெத்ரின் போன்றவை வளர்ந்த குளவியைக் கொத்தாகக் கொல்லும். பிடி (Bt) எனப்படும் பாக்டீரியா மருந்து, அதைத் தின்கிற புழுவின் குடலில்தான் வேலை செய்யும் என்பதால் குளவியை அநேகமாக விட்டுவிடுகிறது.

‘மேலே தெளிக்காமல் வேரில் ஊற்றினால்?’ என்று கேட்கலாம். ஸ்பெயினில் அதைப் பார்த்திருக்கிறார்கள். தையாமெத்தாக்ஸாம் என்ற பூச்சிக்கொல்லி கொடுத்த ஆரஞ்சு வகை மரத்தின் சாற்றை மாவுப்பூச்சி உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன்போன்ற திரவத்தைக் குடித்த ஒட்டுண்ணிக் குளவி செத்தது. 2019-இல் வெளியான ஆய்வு இது.

சாகாத குளவியும் சரியாக இருப்பதில்லை. குளவிகளில் கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். எது வேண்டும் என்பது தாயின் கையில். ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நாசோனியா குளவிக்கு இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியைக் கொஞ்சமாகக் கொடுத்தபோது அந்த ஆண், பெண் கணக்கே குழம்பியது. அடுத்த தலைமுறையில் புழுமுட்டையைத் தேடப் போவது பெண்கள் மட்டும்தான் என்பதால், இந்தச் சேதம் வயலில் செத்துக் கிடக்கும் குளவிகளை எண்ணினால் தெரியாது.

கரும்பு நான்காம் மாதத்தில் இருக்கும்போது அட்டை கட்ட ஆரம்பித்து, 15 நாளுக்கு ஒருமுறை மாட்டுவார்கள். மாட்டிய கையோடு தெளிப்பானைத் தோளில் ஏற்றினால், அட்டைக்குக் கொடுத்த காசு அன்றைக்கே போயிற்று.