எஸ்எஸ்எச்: ஓடா, ஓட்டையா?

“பாதுகாப்பு ஓட்டைப் பயன்படுத்தி வழங்கிக்குள் நுழையவும்.” தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் முழுப்பெயரான செக்யூர் ஷெல்லைப் ‘பாதுகாப்பு ஓடு’ என்று பெயர்த்தால் கடைசியில் இப்படித்தான் வந்து நிற்கும். ஓடு என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் ஓட்டை. வழங்கியில், அதாவது சர்வரில், எங்கோ பொத்தல் இருக்கிறது, அதன் வழியே திருட்டுத்தனமாகப் புகச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நான்காம் வேற்றுமைக்குப் போனால் ‘ஓட்டுக்கு’; தேர்தலே வந்துவிடும். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அதை நாலு வாக்கியத்தில் வைத்துப் பார்க்க மாட்டார்களா?

பெயர் வந்த கதை சின்னது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டுத் திருடுபோயின. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவிய டெல்நெட் போன்றவை கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பிய காலம் அது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனன் மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதற்கு முன் புழங்கிய ஆர்எஸ்எச் என்ற ரிமோட் ஷெல்லில் ‘ரிமோட்’ இருந்த இடத்தில் ‘செக்யூர்’ உட்கார்ந்தது. ஷெல் அதைவிடப் பழைய சொல். 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தின் காலத்திலேயே பிரெஞ்சுக் கணினியியலாளர் லூயி பூசான் வைத்த பெயர். நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயங்குதளத்திடம் கொடுக்கும் நிரல் அது. உள்ளே இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்ற பருப்பு, மேலே ஷெல் என்ற ஓடு.

‘ஓடு வேண்டாம், கூடு என்று வைக்கலாமே’ என்பார்கள். வேற்றுமைச் சிக்கல் தீரும், சரி. ஆனால் எஸ்எஸ்எச் ஷெல்லே இல்லையே! எதிர்முனை உண்மையான சர்வர்தானா என்று அதன் சாவியைக் கொண்டு சரிபார்த்து, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, கடவுச்சொல்லாலோ சாவி இணையாலோ நம்மை உள்ளே விடும் நெறிமுறை அது. உள்ளே போனபின் திறப்பது பாஷோ வேறு எதுவோ, அந்த சர்வரில் ஏற்கெனவே இருக்கும் ஷெல். எஸ்எஸ்எச் வழியே இயங்கும் எஸ்எஃப்டிபியில் கோப்பு அனுப்பும்போது பயனர் ஷெல்லைப் பார்ப்பதே இல்லை. ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும் பிசகை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தே பார்க்காமல் அகராதியை மட்டும் திறந்து பெயர்த்தால் இதுதான் நடக்கும்.

என் பரிந்துரை: ‘மறையாக்கத் தொலைநுழைவு’. ‘குறியாக்கம்’ வேண்டாம், தகவலை ரகசியமாக்காமல் வடிவம் மட்டும் மாற்றும் என்கோடிங்குக்கும் அதையே எழுதுகிறார்கள். பேச்சில் எஸ்எஸ்எச் என்றே சொல்லலாம், ஷெல்லை ஷெல் என்றே விடலாம். தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

அப்புறம், பிற இணைப்புகளை எஸ்எஸ்எச்சுக்குள் வைத்து அனுப்பும் டன்னலை வெறும் ‘சுரங்கம்’ என்று எழுதாதீர்கள். சுரங்கப்பாதை என்று முழுசாக எழுதுங்கள். நாம் சர்வருக்குப் போகிறோம், நெய்வேலிக்கு அல்ல.